வற்றிய எரிவாயு வயல்களில் கரியமில வாயுவைச் சேமித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொழிற்சாலைப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்தெடுத்து, எரிவாயு எடுத்து முடித்த பாறை அடுக்குகளுக்குள் செலுத்தி வைக்கும் திட்டங்கள் பல நாடுகளில் வேகம் பிடித்திருக்கின்றன. ஆதரிப்பவர்கள் "பல லட்சம் ஆண்டுகள் வாயுவைத் தாங்கிய பாறை, பயமே வேண்டாம்" என்கிறார்கள். எதிர்ப்பவர்கள் அந்தப் பாறை ஒருநாள் வெடித்துவிடும் என்று அஞ்சுகிறார்கள். இரு தரப்பும் பாறையையே பார்க்கிறது. நம் கவனம் அதைவிட அதிகமாகப் போக வேண்டியது, வாயு எடுப்பதற்காக அந்தப் பாறையில் ஏற்கெனவே போட்டு வைத்திருக்கும் கிணறுகள் மீது என்பது என் கருத்து. கீழே உள்ள பதில்களில் அது திரும்பத் திரும்ப வரும்.

எரிவாயு எடுத்த இடத்தில் பெரிய குகை மாதிரி காலி இடம் இருக்கிறதா?

இல்லை. எரிவாயு இருந்தது பாறைக்குள்தான். பெரும்பாலும் மணற்பாறை, சில இடங்களில் சுண்ணாம்புப் பாறை. செங்கல் தண்ணீரை உறிஞ்சி வைத்திருப்பதைப் போல, கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளில் வாயு தங்கியிருந்தது. அதற்கு மேலே வாயு எளிதில் ஊடுருவ முடியாத களிப்பாறையோ உப்புப் படிவோ இருக்கும். இதை மூடுபாறை என்பார்கள். ஆழத்திலிருந்து மெல்ல மேலேறி வந்த வாயு மூடுபாறையில் முட்டி, அதற்கு மேல் போக வழியில்லாமல் நின்ற இடம்தான் எரிவாயு வயல்.

"வற்றியது" என்றால் சுத்தமாகத் தீர்ந்தது என்று பொருள் இல்லை. கொஞ்சம் வாயு உள்ளேயே இருக்கும். அழுத்தம் மிகவும் குறைந்துவிட்டதால் அதை எடுப்பது கட்டுப்படியாகாது, அவ்வளவுதான். ஆழமான வயல்களில் தொடக்கத்தில் 300 பாருக்கு மேல் இருந்த அழுத்தம், கடைசியில் 20 பார் அளவுக்குக்கூட இறங்கியிருக்கும். (நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் சுமார் 1 பார்.) இந்த அழுத்தக் குறைவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த முறையின் பெரிய வசதியும் பெரிய தொல்லையும் அதிலிருந்துதான் வருகின்றன.

சேமிக்கும் கரியமில வாயு எங்கிருந்து வருகிறது? காற்றிலிருந்து உறிஞ்சுகிறார்களா?

காற்றிலிருந்து பிரிக்கவும் முடியும். ஆனால் காற்றில் அது 0.04 சதவீதம்தான் என்பதால் செலவு மிக அதிகம். இப்போதைக்குப் பெரும்பகுதி வருவது அடர்த்தியாகக் கிடைக்கும் இடங்களிலிருந்து: இயற்கை எரிவாயுவைச் சுத்திகரிக்கும் ஆலைகள், ஹைட்ரஜன் ஆலைகள், உர ஆலைகள், எண்ணெய் சுத்திகரிப்பு நிலையங்கள்.

நான் முக்கியமாக நினைப்பது சிமென்ட். சுண்ணாம்புக் கல்லைச் சூடாக்கினால், 100 கிலோ கல்லிலிருந்து 44 கிலோ கரியமில வாயு வந்தே தீரும். சூளையைச் சூரிய மின்சாரத்தால் எரித்தாலும் இது மாறாது, ஏனென்றால் வாயு வருவது எரிபொருளிலிருந்து மட்டுமல்ல, கல்லிலிருந்தும்தான். நார்வேயின் பிரெவிக் சிமென்ட் ஆலையில் 2025இல் ஆண்டுக்கு 4 லட்சம் டன் பிடிக்கும் அமைப்பு திறக்கப்பட்டது. வேறு வழியில்லாத இதுபோன்ற தொழில்களுக்கு நிலத்தடிச் சேமிப்பு உண்மையிலேயே தேவைப்படுகிறது.

ஏன் 800 மீட்டருக்குக் கீழே செலுத்த வேண்டும்?

கரியமில வாயு 31 டிகிரி செல்சியஸுக்கும் 74 பார் அழுத்தத்துக்கும் மேலே போனால் வாயுவாகவும் இருக்காது, திரவமாகவும் இருக்காது. வாயுவைப் போல நுண்துளைகளில் பரவும், ஆனால் திரவத்தைப் போல அடர்த்தியாக இருக்கும். சாதாரணமாக 800 மீட்டர் ஆழத்தைத் தாண்டினால் இந்த நிலை கிடைத்துவிடும். தரையில் ஒரு டன் கரியமில வாயு 500 கன மீட்டருக்கும் மேல் இடம் பிடிக்கும். ஆழத்தில் அதே ஒரு டன் ஒன்றரைக் கன மீட்டர் அளவில் அடங்கிவிடும். வற்றிய வயல்கள் பலவும் 2,000 முதல் 4,000 மீட்டர் ஆழத்தில் இருப்பவை. தொடக்கத்தில் அழுத்தம் குறைவாக இருப்பதால் உள்ளே போகும் வாயு கொஞ்ச காலம் வாயுவாகவே இருக்கும். வயல் நிரம்ப நிரம்ப அடர்ந்துவிடும்.

ஒரு வயலில் எவ்வளவு பிடிக்கும்?

இந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. இயற்கை எரிவாயுவின் முக்கியப் பகுதி மீத்தேன். அதில் ஒரு மூலக்கூறு எரிந்தால் கரியமில வாயு ஒரு மூலக்கூறு வரும். எடையில் பார்த்தால் 16 கிலோ மீத்தேனுக்கு 44 கிலோ கரியமில வாயு. எடை கூடுகிறதே, எடுத்த இடத்திலேயே திரும்ப எப்படி அடங்கும் என்று தோன்றும். ஆனால் ஆழத்தில் உள்ள அழுத்தத்தில் கரியமில வாயு மீத்தேனைவிட நெருக்கமாக அடங்கும். ஒரே அளவு துளைக்குள் அதன் மூலக்கூறுகள் கூடுதல் எண்ணிக்கையில் இருக்க முடியும். ஆகவே ஆழமான ஒரு வயலிலிருந்து எடுத்த எரிவாயு முழுவதையும் எரித்து வந்த கரியமில வாயுவை, கொள்கையளவில் அதே வயலில் அடக்கலாம்.

நடைமுறையில் அப்படியே நடந்துவிடாது. வாயுவை எடுக்க எடுக்க, சில வயல்களில் பக்கத்திலிருந்து உப்புநீர் உள்ளே புகுந்து காலியான துளைகளை நிரப்பிவிடும். அப்படிப்பட்ட வயலில் இடம் குறையும். பாதுகாப்புக்காக, முதலில் இருந்த அழுத்தத்தைத் தாண்டாமல் நிறுத்திக்கொள்வதும் வழக்கம்.

நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில், கடலுக்கடியில் பி-18 வயல்கள் இருக்கின்றன. போர்த்தோஸ் திட்டம் அவற்றில் ஆண்டுக்கு 25 லட்சம் டன் வீதம் 15 ஆண்டுகள், மொத்தம் சுமார் 3 கோடியே 70 லட்சம் டன் சேமிக்கும் கணக்கில் வடிவமைக்கப்பட்டது. இதோடு உலகம் ஆண்டுதோறும் எரிபொருளிலிருந்து வெளியிடும் கரியமில வாயுவை ஒப்பிட வேண்டும்: ஏறத்தாழ 3,700 கோடி டன்.

உப்புநீர்ப் பாறைகளிலும் சேமிக்கிறார்களே, அப்புறம் எரிவாயு வயல் எதற்கு?

உப்புநீர் நிறைந்த பாறை அடுக்குகள்தான் உலகில் மிக அதிகம். நார்வேயின் ஸ்லெய்ப்னர் திட்டம் 1996 முதல் அப்படிப்பட்ட அடுக்கில் ஆண்டுக்குப் பல லட்சம் டன் வீதம் செலுத்தி வந்திருக்கிறது. ஆனால் அங்கே துளைகளில் ஏற்கெனவே தண்ணீர் இருக்கிறது. கரியமில வாயு உள்ளே போக அந்தத் தண்ணீர் விலக வேண்டும், அழுத்தம் உயரும். நார்வேயிலேயே ஸ்னோவிட் திட்டத்தில் அழுத்தம் எதிர்பார்த்ததைவிட வேகமாக ஏறியதால், 2011இல் வேறு அடுக்குக்கு மாற வேண்டியதாயிற்று.

வற்றிய வயலில் அழுத்தம் ஏற்கெனவே இறங்கிக் கிடக்கிறது, இடம் இருக்கிறது. மூடுபாறை வாயுவைத் தாங்கும் என்பதற்கு அந்த வயலே சாட்சி. இருபது, முப்பது ஆண்டுகள் வாயு எடுத்தபோது பதிவான அழுத்தக் கணக்குகளும் பாறை மாதிரிகளும் கையில் இருக்கும். உப்புநீர்ப் பாறையில் இவற்றையெல்லாம் முதலிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டும்.

காலியான, அழுத்தம் குறைந்த வயலுக்குள் செலுத்துவது சுலபம்தானே?

பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். பொறியாளர்களைக் கேட்டால் இதுதான் தலைவலி என்பார்கள்.

குழாயில் கரியமில வாயு உயர் அழுத்தத்தில், அடர்த்தியாக வரும். அதைத் திடீரென 20 பார் அழுத்தமுள்ள பாறைக்குள் விட்டால் சட்டென விரிவடையும், விரியும்போது கடுமையாகக் குளிரும். சமையல் எரிவாயு உருளையிலிருந்து வாயு வேகமாக வெளியேறும்போது வால்வில் பனி பிடிப்பதும் இதைப் போன்றதுதான். கிணற்றுக்குள் இப்படிக் குளிர்ந்தால் பல சங்கடங்கள். இரும்புக் குழாய் சுருங்கும். அதைச் சுற்றியுள்ள சிமென்ட் விரிசல் விடலாம். கிணற்றடியில் தண்ணீர் இருந்தால், 10 டிகிரிக்குக் கீழே கரியமில வாயுவும் தண்ணீரும் சேர்ந்து பனிக்கட்டி போன்ற திண்மமாக உறைந்து வழியை அடைத்துவிடும். சூடான பாறையில் குளிர்ந்த வாயு பட்டால் பாறையும் சுருங்கி நுண்ணிய விரிசல் காணலாம்.

இதற்கு வழி இருக்கிறது. தொடக்க ஆண்டுகளில் குறைந்த அழுத்தத்தில் வாயு நிலையிலேயே அனுப்புவது, அனுப்பும் முன் சூடேற்றுவது, கிணற்றில் குறுகிய குழாய் இறக்கி உள்ளழுத்தத்தைத் தக்க வைப்பது எனப் பல உத்திகளைக் கலந்து கையாள்கிறார்கள். ஆலை நின்று மறுபடி ஓடும்போதெல்லாம் கிணறும் சூடாகிக் குளிர்ந்து அவதிப்படும் என்பதால், விட்டுவிட்டுச் செலுத்துவதைக் கூடியவரை தவிர்க்க வேண்டும். ஆலை நிர்வாகமும் கிணற்று நிர்வாகமும் வெவ்வேறு கையில் இருக்கும்போது இது சொல்வதைவிடச் செய்வது கடினம்.

இன்னொன்று: வாயு உலர்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் கார்பானிக் அமிலம் உண்டாகி இரும்பை அரிக்கும். வாயு மிக உலர்ந்திருந்தாலும் ஒரு சிக்கல், கிணற்றோரப் பாறையிலுள்ள உப்புநீரை உலர்த்தி உப்பைப் படிய வைத்து துளைகளை அடைக்கும்.

உள்ளே போன வாயு என்ன ஆகும்? கல்லாக மாறிவிடுமா?

ஒரு சிறு பகுதி மாறும், அதுவும் மிக மெதுவாக. ஐஸ்லாந்தில் கார்ப்ஃபிக்ஸ் திட்டத்தில் தண்ணீரில் கரைத்துச் செலுத்திய கரியமில வாயுவில் பெரும்பகுதி இரண்டே ஆண்டுகளில் கல்லானது உண்மை. ஆனால் அது எரிமலைப் பாறை. மணற்பாறையில் அப்படி எதிர்பார்க்கக் கூடாது. அந்தச் செய்தியை இந்த வயல்களுக்கும் பொருத்திச் சொல்பவர்கள் தவறான நம்பிக்கை கொடுக்கிறார்கள்.

இங்கே முதல் காவல் மூடுபாறைதான். அடுத்தது, துளைகளின் ஓரங்களில் வாயு சிறு சிறு குமிழ்களாகச் சிக்கி நகர முடியாமல் நின்றுவிடுவது. இன்னொரு பகுதி மெல்ல உப்புநீரில் கரையும். கரியமில வாயு கரைந்த நீர் சுற்றியுள்ள நீரைவிடச் சற்றுக் கனமானது என்பதால் மேலே வருவதற்குப் பதில் கீழே இறங்கும். காலம் போகப் போகச் சேமிப்பு உறுதிப்படும் என்று சொல்வது இந்தக் காரணங்களால்தான். இயற்கையாகவே கரியமில வாயு தேங்கிய இடங்களும் உண்டு. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உள்ள பிராவோ டோம் வயலில் அது பத்து லட்சம் ஆண்டுகளுக்கு மேலாகத் தங்கியிருப்பதாக ஆய்வுகள் கணித்துள்ளன.

சரி, திரும்ப மேலே வந்துவிடாதா?

காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு 2005இல் வெளியிட்ட சிறப்பு அறிக்கை, நன்றாகத் தேர்ந்தெடுத்து முறையாக நடத்தப்படும் இடங்களில் 100 ஆண்டுகளில் 99 சதவீதத்துக்கு மேல் உள்ளேயே இருப்பது மிகவும் சாத்தியம் என்றது. நான் அந்த வாக்கியத்தில் அழுத்தமாகப் படிப்பது "நன்றாகத் தேர்ந்தெடுத்து, முறையாக நடத்தப்படும்" என்ற நிபந்தனையைத்தான்.

பாறை லட்சக்கணக்கான ஆண்டுகள் தாங்கியது உண்மை. ஆனால் அப்போது அதில் யாரும் ஓட்டை போடவில்லை. வயலைக் கண்டுபிடிக்கவும் வாயு எடுக்கவும் மூடுபாறையைத் துளைத்துத்தான் கிணறு இறக்கினார்கள். ஒவ்வொரு கிணறும் ஆழத்தையும் தரையையும் இணைக்கும் பாதை. அதை அடைத்து வைத்திருப்பது இரும்புக் குழாயும் சிமென்ட்டும். 1950களில் போட்ட கிணறு அன்றைய விதிப்படி, அன்றைய சிமென்ட்டால் மூடப்பட்டது. கரியமில வாயு வரப்போகிறது என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்? சில கிணறுகளின் பதிவேடு முழுமையாக இருக்காது. சிலவற்றின் மேற்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு மண்ணைப் போட்டிருப்பார்கள். மறுபடி உள்ளே இறங்கிச் சரிசெய்வது மிகக் கடினம்.

கிணறு என்ன செய்யும் என்பதற்கு ஒரு நிகழ்வு போதும். கலிஃபோர்னியாவின் ஆலிசோ கேன்யன், வற்றிய எண்ணெய் வயல் ஒன்றில் இயற்கை எரிவாயுவைச் சேமித்து வைக்கும் இடம். 2015 அக்டோபரில் அங்கே ஒரு கிணற்றில் கசிவு தொடங்கியது. 1953இல் போட்ட கிணறு அது. வெளிப்புறத்தில் அரித்துப்போன குழாய் உடைந்திருந்தது. 2016 பிப்ரவரி வரை அடைக்க முடியவில்லை. ஏறத்தாழ ஒரு லட்சம் டன் மீத்தேன் வெளியேறியது, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டை விட்டுப் போக வேண்டியிருந்தது. மூடுபாறைக்கு எதுவும் ஆகவில்லை.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். டெக்சஸின் சாக்ராக் எண்ணெய் வயலில் 1972 முதல் கரியமில வாயு செலுத்துகிறார்கள். அங்கே 30 ஆண்டுகள் கரியமில வாயுவோடு தொட்டுக்கொண்டிருந்த கிணற்றுச் சிமென்ட்டை வெட்டி எடுத்துப் பார்த்தபோது, ஓரங்களில் வேதிமாற்றம் இருந்தாலும் சிமென்ட் இன்னும் தடுப்பாகவே நின்றது. நன்றாகப் போட்ட சிமென்ட் தாங்கும். குழாய்க்கும் சிமென்ட்டுக்கும் நடுவே, அல்லது சிமென்ட்டுக்கும் பாறைக்கும் நடுவே இடைவெளி விட்டுப் போட்டதுதான் ஆபத்து. ஆகவே எத்தனை கிணறுகள், எந்த ஆண்டில் போட்டவை, எப்படி மூடியவை என்ற பட்டியல் இல்லாமல் "இந்த வயல் பாதுகாப்பானது" என்று யாரும் சொல்லக் கூடாது. கிணறு குறைவாக உள்ள வயல், நூற்றுக்கணக்கில் துளைத்த வயலைவிட எப்போதும் மேல்.

கசிந்தால் உயிருக்கு ஆபத்தா?

கரியமில வாயு எரியாது, வெடிக்காது. ஆனால் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். காற்றில்லாத நாளில் பள்ளத்தில் தேங்கும். காற்றில் 10 சதவீதத்தைத் தாண்டினால் சில நிமிடங்களில் மயக்கம் வரும், உயிரும் போகலாம்.

1986இல் கேமரூனின் நியோஸ் ஏரியில் ஒரே இரவில் 1,700க்கும் மேற்பட்டோர் இறந்ததை எல்லோரும் நினைவுபடுத்துவார்கள். அது எரிமலை ஏரியின் அடிநீரில் கரைந்து தேங்கிய வாயு ஒரே மூச்சில் வெளியேறியது. மூன்று கிலோமீட்டர் பாறைக்கு அடியில், நுண்துளைகளில் பிடிபட்ட வாயு அப்படி ஒட்டுமொத்தமாக வெளியேற வழியில்லை.

நாம் அதைவிடக் கவலைப்பட வேண்டியது குழாய்களைப் பற்றி. 2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் சட்டார்ஷியா என்ற சிற்றூர் அருகே, கனமழையால் மண் சரிந்து கரியமில வாயுக் குழாய் உடைந்தது. சுமார் 200 பேர் வெளியேற்றப்பட்டார்கள், 40க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். ஆக்சிஜன் இல்லாமல் வண்டிகள் பாதி வழியில் நின்றன. யாரும் இறக்கவில்லை என்பது ஆறுதல். குழாய் போகும் வழியில் உள்ள மக்களுக்கும் தீயணைப்புப் படையினருக்கும் முன்பே பயிற்சி இருக்க வேண்டும் என்பது அங்கே விலை கொடுத்துக் கற்ற பாடம்.

குடிநீர் கெடுமா?

குடிநீர் அடுக்குகள் பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள் இருக்கும், சேமிப்பு அதற்கு வெகு கீழே. பாறை வழியாக அது மேலே வருவது மிக அரிது. கிணறு வழியாக வந்தால், நீரில் அமிலத்தன்மை கூடி, பாறையிலுள்ள உலோகங்கள் கரைய வாய்ப்புண்டு. இல்லினாய் மாநிலம் டிகேட்டரில் (அது உப்புநீர்ப் பாறைத் திட்டம்) கண்காணிப்புக்கென்றே போட்ட ஒரு கிணற்றில் அரிப்பு ஏற்பட்டு, அனுமதிக்கப்படாத அடுக்குக்குள் திரவம் போனது 2024இல் வெளிச்சத்துக்கு வந்தது. பழைய கிணறு மட்டுமல்ல, புதிய கிணறும் சரியான உலோகத்தில் இல்லையென்றால் பலவீனம்தான்.

நிலநடுக்கம் வருமா?

சிறு அதிர்வுகள் வரலாம், பெரும்பாலும் கருவிக்கு மட்டுமே தெரியும். ஆனால் இதை லேசாக ஒதுக்கிவிட முடியாது. ஸ்பெயினின் கிழக்குக் கடலோரத்தில் காஸ்டர் என்ற திட்டம், வற்றிய எண்ணெய் வயலில் இயற்கை எரிவாயுவைச் சேமிக்க 2013இல் செலுத்தத் தொடங்கியது. நூற்றுக்கணக்கான அதிர்வுகள், பெரியது 4 ரிக்டரைத் தாண்டியது. திட்டத்தையே கைவிட்டார்கள். பக்கத்தில் பிளவுக்கோடு இருந்ததுதான் வினை. இதற்கு நேர்மாறாக நெதர்லாந்தின் குரோனிங்கனில் வாயுவை எடுத்ததால்தான் நிலம் அமுங்கி நடுக்கம் வந்தது, 2012இல் 3.6 ரிக்டர் வரை. "எடுத்தபோது நடுங்கியது என்றால், திரும்ப நிரப்பினால் சரியாகிவிடும்" என்று சிலர் வாதிடுவார்கள். அழுத்தம் மீளலாம், அமுங்கிய பாறை பழைய நிலைக்கு அப்படியே மீளாது. நடுங்கிய வரலாறு உள்ள வயலை விட்டு வேறு வயலைத் தேடுவதே புத்திசாலித்தனம்.

இதுவரை எங்கே செய்திருக்கிறார்கள்?

பாறையில் வாயுவைத் திரும்பச் செலுத்தும் பழக்கம் பழையது. கனடாவின் ஒண்டாரியோவில் 1915இலேயே, வற்றிய வயலில் இயற்கை எரிவாயுவைக் குளிர்காலத் தேவைக்காகச் சேமித்தார்கள். இன்று உலகெங்கும் இப்படி நூற்றுக்கணக்கான சேமிப்பகங்கள் இருக்கின்றன.

கரியமில வாயுவைப் பொறுத்தவரை, நெதர்லாந்தின் கே12-பி கடல் வயலில் 2004 முதல் 2017 வரை ஒரு லட்சம் டன் அளவுக்குச் செலுத்தினார்கள். அந்த வயலின் வாயுவிலேயே 13 சதவீதம் கரியமில வாயு இருந்தது, அதைப் பிரித்து எடுத்த இடத்திலேயே வைத்தார்கள். ஆஸ்திரேலியாவின் ஓட்வேயில் 2008, 2009 ஆண்டுகளில் சுமார் 65,000 டன். பிரான்சின் லாக் பகுதியில் ரூஸ் வயலில் 4,500 மீட்டர் ஆழத்தில், 2010 முதல் 2013 வரை சுமார் 51,000 டன். இவை எல்லாம் சோதனை அளவுகள்.

2024இல் இரண்டு திட்டங்கள் தொடங்கின. இத்தாலியின் ரவென்னா கடற்பகுதியில் ஆண்டுக்கு 25,000 டன் என்ற சிறிய அளவு. ஆஸ்திரேலியாவின் மூம்பாவில் ஆண்டுக்கு 17 லட்சம் டன் வரை என்ற பெரிய அளவு. பிரிட்டனில் லிவர்பூல் விரிகுடாவின் வற்றிய வயல்களுக்கான திட்டத்துக்கு 2025இல் முதலீடு உறுதியானது.

கடலில் உள்ள பழைய எரிவாயு மேடைகளையும் குழாய்களையும் அப்படியே பயன்படுத்தலாமா?

சிலவற்றை மட்டும். இயற்கை எரிவாயுக் குழாய்களில் பல, அடர்ந்த கரியமில வாயுவுக்கு வேண்டிய அழுத்தத்தைத் தாங்காது. கிணற்றுக்குள் இருக்கும் குழாய்களையும் அடைப்புகளையும் அநேகமாக மாற்றியாக வேண்டும். "எல்லாம் தயாராக இருக்கிறது, வால்வைத் திருப்பினால் போதும்" என்று வரும் விளம்பரங்களை நம்ப வேண்டாம்.

உள்ளே என்ன நடக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்?

ஸ்லெய்ப்னரில் அதிர்வலைகளை அனுப்பி எடுத்த படங்கள் புகழ்பெற்றவை. உப்புநீருக்கு நடுவே வாயு பளிச்சென்று தெரிந்தது. வற்றிய வயலில் அந்த வசதி குறைவு. அங்கே ஏற்கெனவே மிச்ச மீத்தேன் இருப்பதால், அதிர்வலைக்குப் பழைய வாயுவும் புது வாயுவும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். ஓட்வேயில் இந்தச் சிரமத்தைக் கண்கூடாகப் பார்த்தார்கள்.

அதனால் இங்கே அழுத்தக் கணக்குதான் முதுகெலும்பு. இத்தனை டன் செலுத்தினால் இவ்வளவு அழுத்தம் ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் எங்கோ போகிறது. கூடவே கிணற்றுக்குள் வெப்பநிலை, குழாய்ச் சுவரின் தடிமன், மண்ணிலும் கடல்நீரிலும் கரியமில வாயு அளவு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். செலுத்தும் வாயுவோடு அடையாள வாயுவைக் கலந்துவிட்டால், வெளியே தென்படுவது சேமித்ததா, இயற்கையாக மண்ணில் இருப்பதா என்று பிரித்தறியலாம். செலுத்தத் தொடங்கும் முன்பே ஓராண்டுக்காவது மண்ணையும் நீரையும் அளந்து வைக்காவிட்டால், பின்னால் எந்த எண்ணுக்கும் அர்த்தம் இருக்காது.

அல்ஜீரியாவின் இன் சாலாவில் எரிவாயு வயலின் ஓரத்தில், நீர் நிறைந்த பாறைப் பகுதியில் 2004 முதல் 38 லட்சம் டன் அளவுக்குச் செலுத்தினார்கள். தரை ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் மேலெழுவதைச் செயற்கைக்கோள் காட்டிக்கொடுத்தது. மூடுபாறையின் நிலை குறித்துக் கவலை எழுந்ததால் 2011இல் நிறுத்தினார்கள். கசிவு வரும் முன்பே நிறுத்தியதைக் கண்காணிப்பின் வெற்றியாகவே நான் பார்க்கிறேன்.

எத்தனை ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு?

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, செலுத்துவதை நிறுத்தி வயலை மூடிய பிறகும் நிறுவனம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பொதுவாகக் குறைந்தது 20 ஆண்டுகள் கழிந்து, வாயு நிலையாக அடங்கிவிட்டது என்று நிரூபித்த பிறகே பொறுப்பு அரசுக்கு மாறும். அதற்கு முன்பே அரசுக்கு நம்பிக்கை வந்தால் காலத்தைக் குறைக்க இடமுண்டு. மாறும்போது பிந்தைய கண்காணிப்புக்காக நிறுவனம் ஒரு தொகையையும் கட்ட வேண்டும்.

கடைசிப் பொறுப்பு மக்கள் தலையில்தான் விழுகிறது என்பதை மறைக்கக் கூடாது. நிறுவனங்கள் நூறு ஆண்டு நிலைக்காமல் போகலாம், வாயு நிலைத்திருக்க வேண்டும். அதனால் அரசு ஏற்றுக்கொள்வதில் தவறில்லை. ஆனால் அந்தத் தொகை உண்மையான செலவுக்குப் போதுமா என்பது திட்டம் தொடங்கும் முன்பே பேசித் தீர்க்க வேண்டிய விஷயம்.

செலவு?

போர்த்தோஸில் குழாய்க்கும் அழுத்த நிலையத்துக்கும் சேமிப்புக்கும் சுமார் 130 கோடி யூரோ முதலீடு. வாயுவைப் பிடிக்கும் செலவு தனி, பல தொழில்களில் அதுதான் மிகப் பெரிய பங்கு. கார்பன் வரியோ உமிழ்வு விலையோ இல்லாத இடத்தில் இதை யாரும் தாமாகச் செய்வதில்லை. ஸ்லெய்ப்னரும் நார்வே 1991இல் கொண்டுவந்த வரியால் பிறந்ததுதான்.

எண்ணெய் எடுக்கக் கரியமில வாயுவைச் செலுத்துவதும் இதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. அங்கே நோக்கம் மிச்ச எண்ணெயை வெளியே தள்ளுவது. வாயுவில் ஒரு பகுதி உள்ளே தங்கும், ஆனால் வெளிவந்த எண்ணெய் எரிந்து புதிய கரியமில வாயுவாகும். இரண்டையும் கூட்டிக் கணக்கு காட்டும் அறிக்கைகளைப் பிரித்துப் படியுங்கள்.

எரிபொருள் நிறுவனங்கள் தொடர்ந்து விற்பதற்கு இது சாக்காகிவிடாதா?

ஆகலாம், சில இடங்களில் ஆகியும் இருக்கிறது. உலகம் முழுவதும் இன்று ஆண்டுக்குப் பிடிக்கப்படுவது 5 கோடி டன் அளவில்தான், அதிலும் பெரும்பகுதி எண்ணெய் எடுக்கப் போகிறது. 3,700 கோடிக்கு முன் இது மிகச் சிறிது. சூரிய, காற்று மின்சாரத்தால் மாற்றிவிடக்கூடிய ஒரு நிலக்கரி மின்நிலையத்தை உயிரோடு வைக்க இந்த இடத்தைச் செலவழிப்பது வீண். நல்ல வயல்கள் எல்லையற்றவை இல்லை. அவற்றைச் சிமென்ட், உரம், எஃகு போன்றவற்றுக்காக ஒதுக்கி வைக்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

2024இல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த சட்டம் எனக்குச் சரியாகப் படுகிறது. 2030க்குள் ஆண்டுக்கு 5 கோடி டன் செலுத்தும் வசதியை உருவாக்க வேண்டும், அந்தக் கடமை எண்ணெய், எரிவாயு எடுத்த நிறுவனங்களுடையது என்றது அது. எடுத்து விற்றவர்களே திரும்ப வைக்க இடமும் தரட்டும்.

மக்கள் எதிர்த்தால் நின்றுவிடுமா?

நின்றிருக்கிறது. நெதர்லாந்தின் பாரென்ட்ரெக்ட் நகரத்துக்கு அடியில் இருந்த வற்றிய வயல்களில் சேமிக்கத் திட்டமிட்டார்கள். எல்லாம் முடிவான பிறகுதான் தங்களிடம் வந்து சொல்கிறார்கள் என்று மக்கள் கொதித்தார்கள். 2010இல் அரசு கைவிட்டது. அதன் பிறகு அந்த நாட்டில் கவனம் கடல் வயல்கள் பக்கம் திரும்பியது. அந்த மக்களை அறியாதவர்கள் என்று இகழ்ந்து எழுதியவர்கள் உண்டு. எனக்கு அது அநியாயமாகத் தெரிகிறது. வீட்டுக்கு அடியில் வைக்கப்போகும் பொருளைப் பற்றி முதலில் கேட்கப்பட வேண்டியவர்கள் அவர்கள்தான்.

நம் பகுதியில் இப்படி ஒரு திட்டம் வந்தால், பொதுக்கூட்டத்தில் என்ன கேட்கலாம்?

மூடுபாறையின் தடிமனைப் பற்றி அவர்களே ஆசையாகப் படம் போட்டுக் காட்டுவார்கள், அதைக் கேட்க வேண்டியதில்லை. முதலில் கிணற்றுப் பட்டியலைக் கேளுங்கள். வயலுக்குள் மொத்தம் எத்தனை, கைவிட்டவை எத்தனை, அவற்றில் எத்தனையை மறுபடி திறந்து சோதித்தார்கள், பதிவேடு கிடைக்காதவை எவை. பட்டியலைத் தர மறுத்தால் அதுவே ஒரு பதில்தான்.

அடுத்து, உச்ச அழுத்தம் எவ்வளவு வரை போகும், வயலின் பழைய அழுத்தத்தைத் தாண்டுமா என்று கேளுங்கள். குழாய் எந்த வழியில் வருகிறது, தாழ்வான குடியிருப்புகள் எத்தனை, உடைந்தால் எந்த வால்வு எத்தனை நிமிடத்தில் மூடும், உள்ளூர் தீயணைப்பு நிலையத்துக்குச் சுவாசக் கருவிகள் யார் வாங்கித் தருவார்கள் என்றும் கேட்க வேண்டும். அழுத்த அளவீடுகளைப் பொதுமக்கள் பார்க்கும்படி மாதாமாதம் வெளியிடுவார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். செலுத்துவதை எந்த அளவீடு வந்தால் நிறுத்துவார்கள், நிறுத்தும் அதிகாரம் யாரிடம் என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.